ஏஞ்சலுக்கு ஊட்டிய கை

மார்ச் 2, திங்கள்

தோப்பில் வாடல் நோய் வந்து மொட்டையாக நின்ற தென்னையை இன்று வெட்டிச் சாய்த்தார்கள். அதன் பொந்தில் இரண்டு கிளிக்குஞ்சுகள் இருந்தன. நவநீதன் அவற்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில், என் தட்டுக்குப் பக்கத்திலேயே பிரித்து வைத்தார்.

கிளி என்றால் எனக்குத் தெரிந்தது மீனாட்சியின் கையில் இருப்பதும் பாட்டுகளில் தூது போவதும்தான். கிளி குஞ்சாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று நான் படித்த ஒரு புத்தகத்திலும் இல்லை. ஏன் எழுதவில்லை என்று இன்று புரிந்தது. தோல் உரித்த கோழிக்கால் போன்ற நிறம். உடம்பைவிடப் பெரிய வயிறு. பாதி திறந்த கண்களில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நிற்கத் தெரியாத தலை பெரிய அலகின் கனத்தில் முன்னும் பின்னும் ஆடியது. ஒன்று பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்து, என் தட்டின் விளிம்பைத் தொட்டதும் கழிந்தது.

சோற்றைக் கொட்டிவிட்டேன்.

"பாரு இந்து, எப்படிக் கெடக்குதுன்னு! இத வெச்சே ஒரு மாசத்துக்கு வீடியோ போடலாம்."

"தாய்க்கிளிங்க?" என்றேன்.

"அது மரம் இருந்த எடத்தையே சுத்திச் சுத்திக் கத்திட்டுக் கெடக்குது. நல்லா எடுத்திருக்கறேன், பாக்கறியா?"

பார்க்கவில்லை. அத்தை வந்து குனிந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "வளத்திப் பழகிக்க கண்ணு. நாளைக்கு உனக்கே ஒண்ணு வந்தா கை நடுங்காது."

சிரித்தேன். நவநீதனைக் கல்யாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் இந்தச் சிரிப்பு மட்டும் நன்றாகப் பழகியிருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

சின்னது செத்துப்போயிற்று. நவநீதன் குழந்தைக்கு ஊட்டும் பாலாடையில் பசும்பாலை எடுத்து அதன் வாயில் ஊற்றினார். ஒரு கையில் பாலாடை, மறு கையில் போன். போனைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். பால் மூக்கு வழியாகக் குமிழியிட்டு வெளியே வந்தது. இரண்டு முறை வாயைப் பிளந்தது. அவ்வளவுதான்.

"இந்து, துணி கொண்டா!"

துணியைக் கொண்டுபோனேன். அந்தக் காணொளியை அவர் அழித்துவிட்டதாகச் சொன்னார். மாலையில் தொடக்கத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார். 'முதல் பால்' என்று தலைப்பு.

இனி இன்னொன்றுக்கு நான் ஊட்டுகிறேன் என்று சொன்னேன். பாசத்தால் அல்ல. மூக்கில் வரும் பாலை மறுபடி பார்க்க முடியாது, அதனால்.

மார்ச் 5, வியாழன்

பொட்டுக்கடலை மாவையும் சத்துமாவையும் கஞ்சியாகக் காய்ச்சி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து ஊட்ட வேண்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். சூடு அதிகமானால் உள்ளே வெந்துவிடும். ஆறிவிட்டால் செரிக்காமல் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சூடு இருக்கிறது. அது ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

சிரிஞ்ச் அலகில் பட்டதும் குஞ்சுக்குப் பேய் பிடித்துவிடுகிறது. உடம்பு முழுவதும் மேலும் கீழும் குத்துகிறது. கஞ்சி என் முகத்தில், கண்ணாடியில், சுவரில் தெறிக்கிறது. விழுங்கியதெல்லாம் கழுத்தின் கீழே ஒரு பையில் போய்ச் சேர்கிறது. தோல் அவ்வளவு மெல்லியது என்பதால் பைக்குள் கஞ்சி அசைவது வெளியே தெரிகிறது. நான் சமைத்ததை இன்னொரு உடம்புக்குள் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைவிட அந்தரங்கமான அசிங்கம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

முடிந்ததும் அது தன் கழிவின் மேலேயே படுத்துத் தூங்குகிறது. தன் தேங்காய்நார் மில்லிலிருந்து நவநீதன் கொண்டுவந்த நார்த்தூளைப் பெட்டியில் பரப்பியிருந்தோம். அது ஈரத்தில் ஊறி நாறியது. அள்ளிக் கொட்டிவிட்டுப் பழைய காட்டன் புடவையைக் கிழித்துப் போட்டேன். புடவை என் கல்லூரி நாளில் வாங்கியது. வேறு பழைய துணி இந்த வீட்டில் இருக்கிறது. ஏன் அதைக் கிழித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் ஊட்டினேன். இன்றும் குமட்டியது.

மார்ச் 11, புதன்

இறகு முளைக்கிறது. முளைக்கிறது என்றால் அழகாக அல்ல. தோலைக் குத்திக்கொண்டு நீல நிறக் குச்சிகள் வருகின்றன. ஒவ்வொரு குச்சிக்கும் மெழுகு போன்ற உறை. அது உரிந்து பொடுகாக உதிர்கிறது. முள்ளம்பன்றியை வேகவைத்த மாதிரி இருக்கிறது. கழுத்தின் பின்புறம் அதற்கு எட்டாது. அங்கே உறையை நகத்தால் மெதுவாக நசுக்கிவிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறது. சுத்தத்துக்காகச் செய்கிறேன்.

நவநீதனின் சேனலுக்கு ஆட்கள் கூடியிருக்கிறார்கள். ஊட்டும்போது எடுக்கிறார். என் முகம் வரக்கூடாது என்று அவருக்குக் கண்டிப்பு. "ஊரே உன்னையப் பாக்கறது எனக்கு ஆகாது" என்றார். எனக்கும் அது வசதிதான். அதனால் திரையில் என் கை மட்டும் வருகிறது. பின்னணியில் அவர் குரல்: 'தாயில்லாப் புள்ளைங்க. நானே கண்ணு முழிச்சு வளத்தறேன் மக்களே.'

கீழே ஒருவர், 'அண்ணா, ஊட்டற கை யாருது?' என்று கேட்டிருந்தார். நவநீதன் பதில் போட்டிருந்தார்: 'வேலைக்கு இருக்கறவங்க ப்ரோ.'

மாவு கரைக்கும் கிண்ணத்தை இன்று இரண்டு முறை கழுவினேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று கிளிக்குப் பேர் வைத்தார்கள். எழுதும்போதே வாய் கசக்கிறது.

பேரைப் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்களாம். ஏஞ்சல். பாதி குச்சியும் பாதி மொட்டையுமாக, மார்பில் காய்ந்த கஞ்சி ஒட்டிக்கொண்டு, தேவதை பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. சொந்தக்கார ஒறம்பரைப் பெண்கள் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். மஞ்சள் துணியில் சின்னத் தொட்டில் கட்டி அதில் போட்டு ஆட்டினார்கள். தொட்டில் நனைந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அத்தை வசம்பை விளக்கில் சுட்டு, தேன் விட்டு இழைத்து, கருப்பு மையாகக் கொண்டுவந்தார். குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைத்தால் பேச்சுத் திருத்தமாக வரும் என்பார்கள். கிளிக்கும் அப்படித்தானாம். தங்க மோதிரத்தால் தொட்டு முதலில் அத்தை வைத்தார்.

"போதுமுங்கத்தை. அதுக்கு ஒத்துக்காதுங்க."

"நல்லது செய்யறப்ப வேண்டாம்னு சொல்லாத கண்ணு."

அதன்பின் வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு தொடு. மூத்த நாத்தனார் வழித்தே வைத்தார். "நல்லாப் பேசோணுமில்ல? என்ற தம்பி சேனலு பேரச் சொல்லோணும்!" நவநீதன் ஒருத்தியும் விட்டுப்போகாமல் எடுத்தார். ஒட்டும் கருப்புத் தேனில் குஞ்சின் அலகு திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது.

எல்லாரும் பாயசம் குடித்தார்கள். நானும் பரிமாறினேன்.

மார்ச் 16, திங்கள்

காலையில் கழுத்துப் பை இறங்கவில்லை. நேற்று ஊட்டியது அப்படியே கெட்டியாக நின்றது. வாயைத் திறந்தால் மூடி வைத்து மறந்துபோன தோசைமாவின் நாற்றம். தலையைத் தூக்கவில்லை. சிரிஞ்சைக் காட்டினால் குத்தவும் இல்லை. அந்தப் பேய்க்குத்து எனக்குப் பிடிக்காது என்றுதான் இத்தனை நாளும் எழுதியிருக்கிறேன்.

நவநீதன் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "செரிச்சுரும், உடு. இல்லாட்டி வேற ஒண்ணு புடிச்சுக்கலாம்."

வேற ஒண்ணு.

டப்பாவில் வெந்நீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, டவுன் பஸ்ஸில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். தனியாக டவுனுக்குப் போனது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. டாக்டர் ஹேமலதா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். மெல்லிய குழாயை உள்ளே விட்டு, புளித்ததை உறிஞ்சி எடுத்தார். நான் பிடித்துக்கொண்டேன். கருப்பும் மஞ்சளுமாக வந்ததில் பாதி என் கையில் வழிந்து முழங்கை வரை இறங்கியது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் போகவில்லை. கை எடுத்தால் விழுந்துவிடும்.

"என்னம்மா குடுத்தீங்க இதுக்கு?"

சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "கிளிக்குப் பேர்சூட்டு விழாவா? சரிதான்." சிரிக்கவில்லை. "இத வீட்ல வெச்சிருக்கறதே சட்டப்படி தப்பு. தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பொழச்சுதுன்னா வனத்துறைக்குச் சொல்லிருங்க. அவங்களே வந்து வாங்கிக்குவாங்க. பறக்கப் பழக்கி, மத்ததுகளோட சேத்து விட்ருவாங்க. ஆனா ரெக்கை நல்லா இருக்கணும். ஆகாதவன் எவன்கிட்டயாவது குடுத்து மூட்டோட வெட்டிட்டீங்கன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆயுசுக்கும் தரைதான்."

வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு நீர்த்த கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக. பையை விரலால் மெதுவாகத் தடவிவிட வேண்டும். தடவினேன். உள்ளே நொளநொளவென்று நழுவியது.

மார்ச் 17, செவ்வாய்

பை இறங்கவில்லை.

மார்ச் 18, புதன்

கழிந்தது! பச்சையாக, நடுவில் வெள்ளையாக, டாக்டர் சொன்னபடியே. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டிய பிறகுதான் எதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

"நல்ல கூத்து போ" என்றார் அத்தை. ஆனால் குனிந்து பார்த்தார். பிறகு, "வசம்பு நான்தான் கொண்டாந்தேன்" என்றார். போய்ப் பொட்டுக்கடலையை அவரே மிக்ஸியில் அரைத்து, சலித்துக் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 27, வெள்ளி

இப்போது பார்த்தால் கிளி என்று சொல்லலாம். வாலும் வந்துவிட்டது. குணம் மட்டும் வரவில்லை. காதைக் கடிக்கிறது. கண்ணாடியின் காதுப்பக்கம் முழுக்கப் பல் பட்ட பென்சில் போல ஆகிவிட்டது. இரண்டு அட்டைப் பெட்டியில் கட்டியபடியே இருந்த என் புத்தகங்களில் ஒன்றை இன்று எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். தோளில் இருந்து இறங்கி வந்து, பக்கத்தின் ஓரத்தைப் பொறுமையாகக் கத்தரித்தது. கத்தரித்த துண்டைத் தின்னவும் இல்லை. துப்பியது. பிறகு, அன்பு மிகுந்து போய், தின்ற கொய்யாவைக் கக்கி என் கழுத்தெலும்புக் குழியில் வைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

பறவைகள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு அப்படித்தான் தருமாம். வேண்டாம் என்று அதனிடம் எப்படிச் சொல்வது?

டாக்டர் சொன்னதை இன்று நவநீதனிடம் சொன்னேன். சட்டம், வனத்துறை, எல்லாம்.

"ஊர்ல எத்தனை ஊட்ல கிளி இருக்குது? எல்லாத்தையும் புடிச்சு ஜெயில்ல போட்ருவாங்களா? நீ புத்தகத்துல படிச்சதையெல்லாம் இங்க கொண்டாராத." சொல்லிக்கொண்டே ஈரத்துண்டை என் தலையணை மேல் போட்டார். இதை எழுதும்போதும் அது அங்கேதான் கிடக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கிறது. அறையில் பொடுகும் பஞ்சும் பறக்கின்றன. என் மூக்கு அடைத்து, கண் சிவந்துவிட்டது. பெட்டியை விட்டுக் கிளம்ப மட்டும் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 8, புதன்

பறந்தது.

நவநீதன் நேரலையில் இருந்தான். நல்ல வெள்ளைச் சட்டை. கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு, தான் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தான். பால் கொடுத்தது, நோய் வந்தது, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது. அது முதலில் அவன் சட்டையில் கழிந்தது. பிறகு கிளம்பியது. பெரிதாக ஒன்றுமில்லை, தோளிலிருந்து திரைச்சீலைக் கம்பி வரை. போய் மோதிக்கொண்டு, கவிழ்ந்து, தொங்கி, நிமிர்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு அது கத்திய மாதிரி நான் முன்பு கேட்டதில்லை. வெளியே தென்னையில் கத்துகிறவற்றின் குரல் அது.

நேரலையை அணைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்தான். "இப்படியே பறந்து போயிருச்சுன்னா? இப்பத்தான் ஆளு சேந்திட்டிருக்குது." யாருக்கோ போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை இறக்கை வெட்டுகிறவன் வருகிறான்.

"எப்படிங்க வெட்டுவாரு?" என்று கேட்டேன்.

"மூட்டோட ஒரே நறுக்காமா. இறகு மட்டும் வெட்டுனா திருப்பி மொளைக்கும், மறுக்கா செலவு. இது ஒருக்கா பண்ணுனா ஆயுசுக்கும் தொந்தரவில்லையாமா. அதையும் எடுத்துப் போடலாம்னு இருக்கறேன். நெறையப் பேரு கேக்கறாங்க."

சொல்லிவிட்டு இட்லியைச் சாம்பாரில் பிசைந்து தின்றான். நான் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தின்பதைப் பார்த்து எனக்கு இப்படிக் குமட்டியதில்லை. குஞ்சு அவ்வளவு சிந்தித் தின்றபோதுகூட இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

அம்மாவிடம் பேச வேண்டியிருந்தது. வீட்டில் சிக்னல் கிடைக்கவில்லை. தோப்பின் கடைசி வரை நடந்து போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

"ஊட்ல எப்பவும் நல்லாத்தானே எடுக்கும்?" என்றார் அத்தை. என்னையே பார்த்தார். பிறகு தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 11, சனி

வனத்துறை ஜீப் வந்தது. யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை.

வனக்காப்பாளர் பெயர் ஆறுச்சாமி. நடுத்தர வயது, வெற்றிலைக் கறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, போனை எடுத்து, "இந்தச் சேனலு உங்களுதுங்களா?" என்றார்.

நவநீதனின் முகம் வெளுத்ததை இத்தனை மாதத்தில் இன்றுதான் பார்த்தேன்.

"சேனலு என்னுதுதானுங்க. ஆனா கிளி சமாசாரம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் நார் மில்லே கதின்னு கெடக்கறவன். என்ற சம்சாரம்தானுங்க வளத்தறா. நல்லாப் பாருங்க, ஊட்டறதெல்லாம் அவ கைதானுங்க."

ஆறுச்சாமி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "வேலைக்கு இருக்கறவங்கன்னு போட்டிருக்கீங்களே?"

"அது... சும்மா தமாசுக்குங்க."

திரைச்சீலைக் கம்பிமேல் இருந்த கிளி தொண்டையைக் காறியது.

"ஆமாங்க" என்றேன். "நான்தான் வளர்த்தேன். வந்தப்ப இறகே இல்லை. கழுத்துப் பை ஒரு தடவை புளிச்சு நின்னுபோச்சு. இப்பக் காலையிலயும் சாயங்காலமும் கஞ்சி ஊட்டணும், கையில பொறுக்கற சூடு. கொய்யா தானாத் திங்கும். இடது கண் பக்கமாப் போனா பயப்படும், வலது பக்கமா வாங்க."

அவ்வளவு நீளமாக இந்தக் கூடத்தில் நான் பேசியதே இல்லை. நவநீதன் என்னைப் பார்த்தான். காட்டிக்கொடுத்தது அவன்தான், என் முகத்தில் எதைத் தேடினான் என்று தெரியவில்லை.

"தானா ஒப்படைச்சதா எழுதிக்கறேனுங்க" என்றார் ஆறுச்சாமி. "மறுக்கா புடிச்சா கேஸுதான். வீடியோவெல்லாம் அழிச்சுப் போடுங்க." பிறகு என்னிடம், "ஊட்டிப் பழகுனதுன்னா புது ஆளுகிட்ட வாயே தொறக்காதும்மா. நாலஞ்சு நாளு எங்க மறுவாழ்வு மையத்துக்கு வந்து, தானாத் திங்கப் பழக்கி விட்டீங்கன்னா உசுரு தப்பிக்கும்."

"அவ எப்படிங்க தனியா..." என்று ஆரம்பித்தான் நவநீதன்.

"வர்றேனுங்க" என்றேன்.

"நானும் கூடப் போறேன்" என்றார் அத்தை, சமையலறை வாசலில் இருந்து. "ஒரு பஸ்ஸுதானே."

ஜீப் போன பிறகு நவநீதன் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். "எவன் போன் பண்ணிருப்பான்?"

"ஊரே பாக்கணும்னுதானே போட்ட? பாத்தவன் எவனோ பண்ணிருக்கறான்" என்றார் அத்தை. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 15, புதன்

மையத்தில் கிளியை வளர்ப்பது போல எதுவும் செய்யக் கூடாது. பேசக் கூடாது. கழுத்தைச் சொறிந்துவிடக் கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அந்தப் பேரை நான் எப்போதும் சொன்னதில்லை. ஒரு துணித் திரைக்குப் பின்னால் நின்று, கையை மட்டும் நீட்டி ஊட்டச் சொன்னார்கள். முதல் நாள் குடித்தது. அடுத்த நாள் பாதி. நேற்று சிரிஞ்சைத் தட்டிவிட்டு, கிண்ணத்தில் இருந்த ஊறிய பயறைப் போய்த் தின்றது. இன்று காலை கையை நீட்டினேன். ரத்தம் வரக் கடித்தது. அங்கே வேலை செய்யும் பெண் விரலைப் பார்த்துவிட்டு, "நல்லதுங்க" என்றாள். நல்லது என்றுதான் எனக்கும் தெரியும். கழுவப் போன இடத்தில் குழாயை வெகுநேரம் திறந்துவிட்டிருந்தேன்.

மத்தியானம் பெரிய கூண்டுக்குள் விட்டார்கள். கூண்டு என்கிறார்கள்; நம் தேங்காய்க் களம் அளவுக்கு இருக்கிறது. உள்ளே ஒரு முழு மரம். பலரிடமிருந்து பிடுங்கி வந்த கிளிகள். இரைச்சலும் நாற்றமும் தாங்க முடியவில்லை. ஒன்றின் வாயில் ஒன்று கக்குகிறது. ஒன்றின் மேல் ஒன்று கழிகிறது. தின்றதைவிடக் கீழே போட்டதுதான் அதிகம். கதவைத் திறந்ததும் நம்முடையது தரையில் ஒரு கணம் நின்றது. பிறகு எழும்பி, வளைந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தது. உடனே எல்லாம் ஒருமிக்கக் கிளம்பின, மறு கோடிக்குப் போயின, திரும்பி வந்தன.

அத்தை கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தார். "நம்முது எது கண்ணு?"

வலமிருந்து பார்த்தேன். இடமிருந்து பார்த்தேன். எல்லாம் பச்சை. எல்லாம் கத்தின. ஏஞ்சல் என்று கூப்பிடும்படி அங்கே ஒன்றுகூட இல்லை.

"தெரியலீங்கத்தை" என்றேன்.